அடியில் சிவப்புப் பொட்டு வைத்த டம்ளர்

எங்கள் வீட்டு அடுப்படி மேடையில் ஏழு டம்ளர்கள் இருக்கின்றன. ஆறு கடையில் வாங்கியவை. ஏழாவது ஒரு கோழிப்பண்ணையிலிருந்து வந்தது. அதன் அடியில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சிவப்புப் பெயின்ட் பொட்டு இருக்கிறது. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் போய்விடும். நான் துடைக்க விடுவதில்லை. அம்மா இரண்டு முறை துணியும் கையுமாக உட்கார்ந்தாள். இரண்டு முறையும் பிடுங்கி வைத்துவிட்டேன்.

அதை எதற்காக வைத்திருக்கிறேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அம்மா எருமப்பட்டிப் பக்கத்தில் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்த்தாள். காலையில் தெருப் பெண்கள் ஐந்தாறு பேரோடு மினி ஆட்டோவில் போவாள். கூண்டுகளுக்குத் தீவனம் போடுவது, முட்டை பொறுக்கி அட்டையில் அடுக்குவது, செத்த கோழியை எடுத்து வெளியே போடுவது, இவைதான் வேலை. அப்பா போர்வெல் வண்டியோடு வடக்கே போனவர். ஆண்டுக்கு இரண்டு முறை வருவார். ஆகவே வீட்டில் அம்மாவும் நானும்தான்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். கல்லூரிக்குப் போனவளும் நான்தான். இயற்பியலில் முதுகலை முடித்துவிட்டு நாமக்கல்லில் ஒரு தனியார் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. அடக்கமாகச் சொல்லவேண்டிய காரியமும் இல்லை. தெருவில் யாருக்கு எந்த விண்ணப்பம் நிரப்ப வேண்டியிருந்தாலும் என்னிடம்தான் வரும். என் கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும் என்று வட்டாட்சியர் அலுவலகத்தில்கூடச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்தக் கையெழுத்துக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. அதையும் மறைக்கப்போவதில்லை.

இருமல் ஆடிக் காற்றோடு வந்தது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை. தொண்டைக்குள் ஒரு கோழி இறகு மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது என்றாள் அம்மா. பேச வாயெடுத்தால் இருமல், சிரித்தால் இருமல், படுத்தால் எழுந்து உட்கார வைக்கும் இருமல். தீவனத் தூசி என்றார்கள் எல்லாரும். மக்காச்சோள மாவும் கருவாட்டுத் தூளும் கோழி எருவின் நெடியும் நாள் முழுக்க மூக்கில் ஏறினால் யார்தான் இருமமாட்டார்கள்? முகக்கவசம் வாங்கிக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு இருமினாள்.

வேலியோரத்து ஆடாதொடை இலையைப் பறித்துக் கஷாயம் வைத்தோம். சேலம் செவ்வாய்ப்பேட்டை நாட்டு மருந்துக்கடையில் திப்பிலியும் அதிமதுரமும் வாங்கிவந்து இடித்துத் தேனில் குழைத்துக் கொடுத்தேன். மருந்துக் கடையில் சிவப்பு நிறத்தில் ஒரு டானிக், பிறகு பச்சை நிறத்தில் ஒன்று. உள்ளூர் கிளினிக்கில் ஊசி. நெஞ்செரிச்சலால்கூட இருமல் வரும் என்று ஒரு மருத்துவர் வயிற்றுக்கு மாத்திரை எழுதினார். இன்னொருவர் ஆஸ்துமாவாக இருக்கலாம் என்று உறிஞ்சும் மருந்து கொடுத்தார். அவர்கள் யாரும் தவறாகச் சொல்லவில்லை. நீடித்த இருமலுக்கு இத்தனை வாசல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகத் தட்டித்தான் பார்க்கவேண்டும். எல்லா இடத்திலும் அவர்கள் கேட்ட ஒரு கேள்வி இருந்தது. "வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறார்களா?" எல்லா இடத்திலும் நான் சொன்ன ஒரு பதில் இருந்தது. "இல்லைங்க."

பண்ணையில் நடந்தது வேறு.

பண்ணைக்காரம்மா கெட்டவர் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. பத்து மணிக்குக் கோழிக் கொட்டாய்க்கு வெளியே வேப்பமரத்தடியில் எல்லாருக்கும் தேநீர் வரும். அவர்கள் வீட்டுப் பெயரின் முதலெழுத்து வெட்டிய டம்ளர்கள். ஒரே தட்டில் வரும், எது யாருடையது என்று இல்லை, எடுத்துக் குடிக்கலாம். அவருடைய மாமியார் காலத்தில் வேலைக்காரர்களுக்குத் தனி டம்ளராம். அதனால் அம்மாவுக்கு அந்தத் தட்டின் மேல் ஒரு மரியாதை இருந்தது.

கோழிக்குச் சளி பிடித்தால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. கழுத்தை நீட்டிக் கர் கர்ரென்று மூச்சு விடுகிற கோழியைப் பிடித்துக் கடைசி வரிசையில் தனிக் கூண்டில் போடுவார்கள். அந்தக் கூண்டின் கம்பியில் சிவப்புப் பெயின்ட் ஒரு தொடு தொடுவார்கள். சீக்குக்கோழி என்று அர்த்தம். அதற்குத் தீவனம் போட்ட கையோடு மற்றக் கோழியிடம் போகக்கூடாது. தேறினால் திரும்பி வரும். தேறாவிட்டால் சாக்கில் போகும்.

புரட்டாசியில் ஒரு நாள் அம்மா தேநீர் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவக் கவிழ்த்தாள். அடியில் சிவப்புப் பொட்டு இருந்தது. மற்றவர்களின் டம்ளர்களில் இல்லை.

அம்மா என்னிடம் சொல்லவில்லை. எதிர்வீட்டு அக்கா சொன்னார். அம்மாவோடு அதே கொட்டாயில் வேலை பார்ப்பவர். வாய் சும்மா இருக்காத மனிதர்.

"உங்கம்மா டம்ளருக்குப் பொட்டு வெச்சுட்டாங்க அம்முணி. பூவுந்தான் வெக்கல."

அதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பிறகு அவரும் நிறுத்திக்கொண்டார்.

மறுநாளே அம்மாவைப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். மார்பு எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை. படிவத்தை நானே நிரப்பினேன். பெயர், வயது, இருமல் எத்தனை நாளாக, தற்போது உட்கொள்ளும் மருந்துகள். கடைசிக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன். அம்மா பக்கத்தில்தான் நின்றாள். அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சின்ன பிளாஸ்டிக் டப்பாவைக் கையில் கொடுத்து, ஆழமாக இருமிச் சளியை எடுங்கள் என்றார்கள். வறட்டு இருமலில் சளிக்கு எங்கே போவது? சுவரைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் இருமினாள். முடிவு இரண்டு நாளில் வந்தது. காசநோய்க் கிருமி இல்லை. எக்ஸ்ரேயிலும் ஒன்றுமில்லை.

அந்தத் தாளை மடிக்காமல் பிடித்துக்கொண்டு நானே பண்ணைக்குப் போனேன். பண்ணைக்காரம்மா வாங்கிப் பார்க்கவில்லை.

"தாளு எதை வேணாச் சொல்லும் கண்ணு. ஆளு இருமறாளே."

ஐப்பசியில் அம்மாவை நிறுத்தினார். மரத்தடியில், எல்லாரும் டம்ளரோடு நிற்கும்போது.

"நாளையிலருந்து கொட்டாய்க்குள்ள வராத புள்ள. கோழிக்கு ஒட்டிக்கும்னு எம்பையன் பயப்படறான்."

"எனக்கு என்ன சீக்குங்கம்மா?"

"அதை நீதான் பாத்துக்கோணும். இந்த டம்ளர நீயே கொண்டு போயிரு. இங்க வேண்டாம்."

அம்மா அதைக் கழுவி, முந்தானையில் துடைத்து, எடுத்துக்கொண்டு வந்தாள். மினி ஆட்டோவில் ஏற அவளுக்குக் கூச்சமாக இருந்ததாம். நடந்தே வந்தாள், ஐந்து கிலோமீட்டர். பண்ணையில் ஆரம்பித்தது தெருவுக்கும் வந்தது. குழாயடியில் அம்மா குடத்தை வைத்தால் பக்கத்துக் குடம் நகர்ந்தது. பக்கத்து வீட்டில் காதுகுத்துக்கு அழைத்தார்கள். பந்தியில் அம்மாவுக்கு இருபுறமும் இலை காலியாகக் கிடந்தது.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். அம்மாவுக்குக் காசநோயே இருந்திருந்தாலும் அது குற்றமில்லை. மாத்திரை இருக்கிறது, மாதக்கணக்கில் விடாமல் சாப்பிட்டால் குணமாகும். 'கிருமி இல்லை' என்ற தாளை நான் கொடி மாதிரித் தூக்கிக்கொண்டு போனதில் எனக்கே இப்போது கொஞ்சம் வெட்கம் இருக்கிறது. ஆனால் அன்று எனக்கு வேண்டியது ஒன்றுதான். அம்மாவின் பெயர் சுத்தமாக வேண்டும். அதை அழுக்காக்கிய வாயே அதைச் சொல்லவேண்டும். அதே மரத்தடியில், அதே தட்டுக்கு முன்னால்.

மார்கழியில் சேலத்துக்கு ஒரு நெஞ்சு மருத்துவரிடம் போனோம். வயதானவர். எல்லாத் தாள்களையும் வரிசையாகப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"வேற ஏதாச்சும் மாத்திரை சாப்பிடறீங்களா?"

"இல்லைங்க டாக்டர்," என்றேன் நான்.

"உங்களக் கேக்கலம்மா. அவங்களக் கேட்டேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"பிரஷருக்கு ஒண்ணு சாப்பிடறனுங்க."

மாராப்பு முடிச்சிலிருந்து பாதி தீர்ந்த ஓர் அட்டையை எடுத்து மேஜையில் வைத்தாள். நான் அதை அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. மருத்துவர் அட்டையைத் திருப்பிப் பெயரைப் படித்தார். இருமல் தொடங்குவதற்கு எத்தனை நாள் முன்னால் இதை ஆரம்பித்தீர்கள் என்று கேட்டார். ஆனியில் ஆரம்பித்ததாக அம்மா சொன்னாள். ஆடியில் இருமல். அவர் தாள்களையெல்லாம் மூடி என்னிடம் தள்ளினார்.

"நல்ல மாத்திரைதான். நிறையப் பேருக்கு ஒண்ணும் பண்ணாது. சிலருக்கு இந்த மாதிரி வறட்டு இருமல் கொண்டுவரும். பிரஷருக்கு வேற எழுதித் தரேன், அது இருமல் தராது. சட்டுனு நிக்காது, சில வாரம் ஆகும். யார் எழுதிக் குடுத்தாங்க இதை?"

யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பேருந்தில் திரும்பும்போது மௌனமாக நீண்ட தூரம் போனோம் என்று எழுத ஆசை. ஆனால் நாமக்கல் பேருந்தில் உட்கார்ந்த உடனேயே நான் கத்த ஆரம்பித்துவிட்டேன்.

"ஏம்மா இத்தனை மாசமாச் சொல்லல?"

"நீ சொல்ல உட்டாத்தானே சாமி. எல்லா எடத்துலயும் அவுங்க எங்கிட்டக் கேக்கறாங்க, நீ பதில் சொல்லிப்போடற. படிச்ச புள்ள, ஏதோ காரணமாத்தான் இல்லைங்குதுன்னு உட்டுட்டேன்."

பிறகு மெதுவாகக் கதை வந்தது. பள்ளிக்கூடத்தில் நடந்த மருத்துவ முகாமில் அம்மாவுக்கும் பண்ணைக்காரம்மாவுக்கும் ஒரே நாளில் இரத்த அழுத்தம் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் அதிகம், ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள் என்றார்கள். பண்ணைக்காரம்மா போகவில்லை. வீட்டுக்காரருக்கு வாங்கிய பிரஷர் மாத்திரை ஒரு டப்பா நிறைய இருந்தது; அவருக்கு மருத்துவர் வேறு மாத்திரை மாற்றிவிட்டதால் அது சும்மா கிடந்தது. பண்ணையில் ஒரு கொட்டாய்க்கு வாங்கின மருந்து மிஞ்சினால் அடுத்த கொட்டாயின் தண்ணீர்த் தொட்டியில் கலந்துவிடுவார்கள். ஒரு கோழிக்கு நல்லது எல்லாக் கோழிக்கும் நல்லது. அந்தக் கணக்குதான். தனக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, தினமும் பத்து மணித் தேநீரோடு தன் கையாலேயே கொடுத்திருக்கிறார். டப்பா தீர்ந்ததும் காலி அட்டையைக் காட்டிக் கடையில் வாங்கியும் கொடுத்திருக்கிறார்.

"நிறுத்தினதுக்கப்புறமும் குடுத்தாங்களா?"

"எதிர்வீட்டுக்காரிகிட்ட அனுப்பிச்சு உட்டாங்க. மாத்திரைய மட்டும் உட்றாதேன்னு. அவுங்க மனசு அப்படித்தான் கண்ணு. தங்கமான மனசு."

டம்ளருக்குப் பொட்டு வைத்த கை, மாத்திரையையும் மறக்காமல் அனுப்பியிருக்கிறது. எனக்கு நெஞ்சு எரிந்தது. அந்த எரிச்சலில் ஒரு பங்கு என் மேலேயே இருந்தது. அதற்கு அப்போது இடம் கொடுக்கவில்லை. கோபத்தை முழுதாக ஒரு பக்கம் வைப்பதுதான் வசதி.

மாத்திரை மாறிய மூன்றாவது வாரம் அம்மா ஒரு முழுக் கதையை இருமாமல் சொன்னாள். தை பிறந்தபோது இருமல் போய்விட்டது. பொங்கலன்று எதிர்வீட்டு அக்கா பொங்கச் சோறு வாங்க வந்தவர், அடுப்படியில் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு சேதி தெரியுமா? பண்ணைக்காரம்மா லொக்கு லொக்குங்குது. இன்னிக்கு நேத்தல்ல. உங்கம்மா டம்ளருக்குப் பொட்டு வெக்கறதுக்கு முன்னயே இருந்துச்சாம். முந்தானைய வாயில திணிச்சு அடக்கிட்டிருந்திருக்குது. இப்ப அடங்கமாட்டீங்குது. உங்கம்மா ஒட்டவெச்சுட்டான்னு பொலம்பறாங்க."

நான் அப்போதே புரிந்துகொண்டேன். அதே அட்டை. அதே வறட்டு இருமல். இரண்டு கொட்டாய்க்கும் ஒரே தொட்டியில் கலந்த மருந்து. ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிடலாம்.

அன்று இரண்டு கரண்டி பொங்கல் அதிகமாகச் சாப்பிட்டேன்.

அம்மா செருப்பைத் தேடினாள். "போய்ச் சொல்லிப்போட்டு வந்தர்றேன். மாத்திரைய மாத்தச் சொல்லி."

"நீ அந்த வாசல மிதிச்சீன்னா நான் இந்த வீட்டுல ஒரு வாய் சோறு தின்னமாட்டேன்."

"அவுங்களுக்கும் மாரு வலிக்குமல்ல?"

"வலிக்கட்டும். அஞ்சு மாசம் உனக்கு வலிச்சுதல்ல? ஒரு மாசம் வலிக்கட்டும்."

அம்மா செருப்பை விட்டுவிட்டாள். நான் பாடம் நடத்தும்போதும் வழியில் பேருந்தில் நிற்கும்போதும் அந்த வாக்கியத்தை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. படிப்பு எனக்கு எவ்வளவோ கொடுத்திருக்கிறது. இவ்வளவு ருசியாக எதையும் கொடுத்ததில்லை.

தை கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சிவெயிலில் அவரே வந்தார். தெருவழியாக அல்ல, பின்பக்கத்து மரவள்ளிக் காட்டு வழியாக, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு. அம்மா சந்தைக்குப் போயிருந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்காரச் சொன்னேன். உட்கார்ந்ததும் இருமல் வந்தது. கண்ணில் நீர் வரும்வரை இருமினார். நான் உள்ளே போய்ச் சிவப்புப் பொட்டு டம்ளரைத் தேடி எடுத்து, நிறையத் தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தேன்.

டம்ளரில் அவர்கள் வீட்டு எழுத்து வெட்டியிருந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு வாங்காமல் கையை ஆட்டினார்.

"இப்பத்தான் கண்ணு குடிச்சுட்டு வந்தேன்." சொல்லி முடிப்பதற்குள் மறுபடி இருமல்.

நான் டம்ளரை அவர் காலடியில் வைத்தேன். கடைசிவரை அது அப்படியே இருந்தது. சொல்வதில்லை என்று அங்கேதான் முடிவு செய்தேன். அவர் ஒரு வாய் குடித்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

"உங்கம்மாளுக்கு நின்னுபோச்சாமல்ல? எந்த மருந்துல நின்னுச்சு?"

"எதுக்குங்கம்மா கேக்கறீங்க?"

"எதுக்குன்னு கேக்கறயே அம்முணி. அவகிட்டருந்துதான எனக்கு வந்துச்சு. பரவால்ல, வந்தது வந்துச்சு. மருந்த மட்டும் சொல்லு. பையனுக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம் பொண்ணு பேசியிருக்குது. அவுங்க காதுக்குப் போச்சுன்னா அவ்வளவுதான்."

"மருந்தெல்லாம் அப்பறமுங்க. மொதல்ல சளிப் பரிசோதனை. பெரியாஸ்பத்திரிலதான் சரியாப் பாப்பாங்க. நானே கூட்டிட்டுப் போறனுங்க."

அவர் கண் கலங்கிவிட்டது. "நீ நல்லாருப்ப சாமி," என்றார்.

மறுநாள் பள்ளிக்கு விடுப்பு. அம்மா நின்ற அதே வரிசையில் அவரை நிறுத்தினேன். தெரிந்த முகம் ஏதாவது வருகிறதா என்று முக்காட்டுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டே நகர்ந்தார். படிவம் கொடுத்தார்கள். "நீயே எழுதிரு கண்ணு, எனக்குக் கண்ணாடி இல்ல," என்றார். எழுதினேன். பெயர், வயது, இருமல் எத்தனை நாளாக. பிறகு அந்தக் கட்டம் வந்தது.

"இப்ப வேற மருந்து மாத்திரை ஏதாச்சும் சாப்பிடறீங்களாங்கம்மா?"

நான் முழுசாகத்தான் கேட்டேன். அம்மாவை ஒருமுறைகூட அப்படிக் கேட்டதில்லை.

"என்ன மாத்திரை? ஒண்ணுமில்ல. நா நல்லாத்தான இருக்கறேன்."

தினமும் தேநீரோடு போட்டுக்கொள்வதை அவர் மருந்தாகவே எண்ணவில்லை. இல்லை என்று எழுதினேன். அச்சடித்தது போன்ற அதே எழுத்தில். முதல் முறை தெரியாமல் எழுதினேன். இந்த முறை தெரிந்து எழுதினேன்.

பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்தார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினார். வெறும் காற்றுதான் வந்தது. நான் தூணில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். மனசுக்குள் அம்மாவை அவர் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன். இரண்டு முதுகும் ஒரே மாதிரி குலுங்கின. எனக்கு இரக்கம் வரவில்லை. வரவில்லை என்பதைத்தான் எழுதுகிறேன்.

முடிவு வந்தது. கிருமி இல்லை. தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் முகம் தெளியவில்லை.

"உங்கம்மாளுக்கும் இல்லைன்னுதான தாளு வந்துச்சு? அப்பறமும் இருமுனாளே?"

இந்த இடத்துக்காக நான் புரட்டாசியிலிருந்து காத்திருந்தேன்.

"தாளு எதை வேணாச் சொல்லுமுங்க. ஆளு இருமறீங்களே."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். எங்கோ கேட்ட வார்த்தை என்று தெரிந்திருக்கும். யார் சொன்னது என்று நினைவுக்கு வந்ததா என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதை நடித்தே காட்டினேன். படிவம் எழுதியதையும் சொன்னேன். அவளும் சிரிப்பாள் என்று நினைத்தேன். அம்மா அரிவாள்மனையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"அவுங்க இல்லைன்னாலும், சாப்பிடறாங்கன்னு தெரிஞ்சேவா எழுதுன?"

"ஆமா."

"உன்னைய எழுதப் படிக்க வெச்சது இதுக்கா?"

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மேடையிலிருந்து அந்த டம்ளரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். சோறு தின்னமாட்டேன் என்று நான் மிரட்டியது அவள் காதில் விழவே இல்லை. பின்னாலேயே போனேன்.

மரத்தடியில் தேநீர்த் தட்டு அப்போதுதான் வந்திருந்தது. ஏழெட்டுப் பெண்கள். பண்ணைக்காரம்மா கொட்டாய்த் தூணருகில் நாற்காலியில், வாயில் முந்தானை. அம்மா நேரே போய்த் தன் டம்ளரைத் தட்டில் மற்ற டம்ளர்களுக்கு நடுவில் வைத்தாள். எல்லாரும் பார்த்தார்கள்.

"ஏனுங்கம்மா, அந்தப் பிரஷர் மாத்திரை இன்னம் சாப்பிடறீங்களா?"

"சாப்பிடறேன். அதுக்கென்ன?"

"அதுதானுங்க இருமல். எனக்கும் அதுதான். சேலத்து டாக்டர் சொன்னாரு. சில பேருத்துக்குச் சேராதாமுங்க. நீங்களா நிறுத்திப்போடாதீங்க, டாக்டர்கிட்டக் காட்டி மாத்திக்குங்க. மூணு வாரத்துல நின்னுரும். நானும் உங்களுக்கு ஒட்டவெக்கல, நீங்களும் எனக்கு ஒட்டவெக்கல."

கொட்டாய்க்குள் ஆயிரக்கணக்கான கோழிகள் கொக்கரித்துக்கொண்டிருந்தன. எதிர்வீட்டு அக்காதான் முதலில் வாய் திறந்தார்.

"அப்ப இத்தன நாளும் சீக்கு உங்கூட்டு டப்பாவுலதான் இருந்துச்சுங்களா? நாங்க ஆட்டோவுல இவ பக்கத்துல உக்காராம நின்னுக்கிட்டே வந்து காலு வீங்கிப்போச்சுங்களே!"

இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். பண்ணைக்காரம்மா சிரித்தவர்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"உனக்கு அன்னிக்கே தெரியுமா அம்முணி? ஆஸ்பத்திரில, அந்தத் தாள எழுதறப்ப?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வேண்டியது அம்மா வழியாக வந்தாயிற்று. தெரு முழுக்க மதியத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் என் பங்கை நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

"தெரியுமுங்க."

"தெரிஞ்சுமா?"

"டம்ளருக்குப் பொட்டு வெச்சீங்களே, அன்னிக்கு உங்களுக்கும் இருமல் இருந்துச்சுதானுங்க? உங்க டம்ளருக்கு ஏனுங்க வெச்சுக்கல?"

அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். "போதும் சாமி," என்றாள். தேநீர் ஊற்றுகிறவள் எல்லா டம்ளரிலும் ஊற்றிக்கொண்டே வந்து, சிவப்புப் பொட்டு டம்ளரிலும் ஊற்றினாள். அம்மா அதை எடுத்து, அவசரமில்லாமல், ஊதி ஊதிக் குடித்தாள்.

மன்னிப்பு என்று ஒரு சொல் வரவில்லை. "திங்கக்கிழமை வந்துரு புள்ள, மூணாங் கொட்டாய்க்கு ஆளு பத்தல," என்றுதான் வந்தது. "யோசன பண்ணிச் சொல்றனுங்க," என்றாள் அம்மா. இரண்டு வாரம் யோசித்தாள். அந்த இரண்டு வாரம்தான் அவள் தீர்த்துக்கொண்ட பழி என்று நினைக்கிறேன். அதற்குமேல் அவளுக்குத் தெரியாது. போகாதே என்றேன். எனக்குக் கோழி பிடிக்கும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். குழாயடியில் குடங்கள் மறுபடி ஒன்றை ஒன்று இடித்துக்கொள்கின்றன.

அம்மா என்னோடு நான்கு நாள் பேசவில்லை. இப்போது பேசுகிறாள். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போனால், மருத்துவர் கேட்பதற்கு முன்பே என் பக்கம் திரும்பிச் சொல்கிறாள்: "நீ சும்மா இரு. நாஞ் சொல்லிக்கறேன்." மாத்திரை அட்டையை மேஜையில் வைத்துவிட்டுத்தான் உட்காருகிறாள். அது எனக்கு விழுந்த தண்டனை. ஏற்றுக்கொண்டேன்.

டம்ளரை அன்று பண்ணையில் விட்டுவர நான் சம்மதிக்கவில்லை. கழுவி எடுத்துவந்தேன்.

வைகாசியில் பண்ணைக்காரம்மா பையனின் கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். இந்த முறை தெருவழியாக, முக்காடு இல்லாமல். இருமல் எப்போதோ போயிருந்தது. குங்குமத்தட்டை அம்மாவிடம் நீட்டி, "ஊட்டோட வந்தரோணும் புள்ள," என்றார். அம்மா பூரித்துப்போனாள். வெயிலில் வந்த களைப்பு. குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டார். எங்கள் வீட்டில் அவர் கேட்டது அதுதான் முதல் முறை.

அம்மா புது டம்ளர் எடுக்க எழுந்தாள். அவளுக்கு முன்னால் நான் எழுந்துவிட்டேன்.

கொண்டுவந்து கொடுத்தேன். வெட்டிய எழுத்தைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். பிறகு உதட்டில் வைத்து, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். டம்ளர் உயர உயர அடியில் இருந்த சிவப்புப் பொட்டு எனக்கு நேராக வந்தது. கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தண்ணி நல்லாருக்குது அம்முணி," என்றார்.

"உங்கூட்டு டம்ளருங்க," என்றேன்.